நீலத் திரை ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொன்னால்

கேள்வி இதுதான்: கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட் என்கிறது, அப்புறம் பெயரே புரியாத வேறொன்று. டிரைவர்களை எல்லாம் அப்டேட் செய்தாயிற்று. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றியும் பார்த்தாயிற்று. பழுதுபார்க்கிறவர் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, இல்லை இன்னும் சாஃப்ட்வேரில்தான் ஏதாவது இருக்கிறதா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஹார்டுவேர் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்தப் பாகம் என்று தெரியாமலேயே மதர்போர்டில் கை வைப்பது கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வது. முழுக் கணினியையும் பிரித்தால்தான் அதை மாற்ற முடியும். ராம், பவர் சப்ளை, எஸ்எஸ்டி, பிராசஸர் என்று சந்தேகப்பட வேண்டியவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பணம் செலவழிக்காமலே சோதித்துவிடலாம்.

நீலத் திரையில் வரும் பெயர் செத்தது யார் என்று சொல்லும், கொன்றது யார் என்று சொல்லாது. ராமில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவு) தானாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அந்த நேரம் யார் குடியிருந்தார்களோ அவர்களுக்குத்தான் அடி விழும். இன்று அங்கே ஃபைல் சிஸ்டம் டிரைவர் இருந்தால் என்டிஎஃப்எஸ் பெயரில் கிராஷ். நாளை கிராபிக்ஸ் டிரைவர் இருந்தால் அதன் பெயரில். நாளை மறுநாள் பிரவுசர் இருந்தால் நீலத் திரையே வராது, பிரவுசர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். எதுவுமே இல்லாத இடமாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் வருவதை ஒரு குழப்பமாகப் பார்க்காதீர்கள். உங்களிடம் இப்போதைக்கு இருக்கும் மிக நல்ல சாட்சியமே அதுதான்.

சாஃப்ட்வேர் பிழை பெரும்பாலும் ஒழுங்கானது. அதே வேலையைச் செய்தால் அதே இடத்தில், அதே பெயரோடு விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே டிரைவர், ஒரே பிழை. அத்தனை கணினிகளிலும் ஒரே நாளில் ராம் கெடாது. உங்கள் கணினியிலும் நான்கு கிராஷுக்கு நான்கு முறையும் ஒரே வெளி நிறுவன டிரைவரின் பெயர் வந்தால், ஆன்டிவைரஸோ, விபிஎன்னோ, விளக்கு நிறம் மாற்றும் கருவியோ, முதலில் அதைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள். பிழை கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் கர்னலாக இருக்கும், அவ்வளவுதான்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டு பிட் புரண்டிருக்கும் என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை உங்கள் கணினியைத் தேடி வந்து தாக்காது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் சுமார் 10 லட்சம் சாதாரண கணினிகளின் கிராஷ் பதிவுகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்டுவேர் பிழையால் ஒரு முறை விழுந்த கணினி இரண்டாம் முறையும் விழும் வாய்ப்பு, விழாத கணினியைவிட 100 மடங்கு வரை அதிகம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. முதல் கிராஷை மன்னித்துவிடலாம். இரண்டாவதை மன்னிக்காதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னால் பதிவுகளைப் பாருங்கள். சிஸ்டம் அமைப்புகளில் 'தானாக ரீஸ்டார்ட் செய்' என்பதை நீக்கிவிட்டால் நீலத் திரை நிற்கும், நிதானமாகப் படிக்கலாம். பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் நேராகப் போய்ப் பவர் சப்ளை வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது 'கடந்த முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை' என்பதை மட்டும்தான். எல்லாக் கிராஷுக்குப் பின்னும் அது வரும்.

பயன் அதன் விவரங்கள் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே பக்செக் கோட் என்று ஒரு எண் இருக்கும். நீலத் திரைக் குறியீடுகளை வழக்கமாக 16 அடிமானத்தில் எழுதுவார்கள், இங்கே பத்தடிமானத்தில் இருக்கும். பலர் தேடிப் பார்த்து எதுவும் கிடைக்காமல் விட்டுவிடுவது இதனால்தான். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட். 80 என்றால் பேஜ் ஃபால்ட். 122 என்றால் கர்னல் டேட்டா இன்பேஜ், அதாவது டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டிய பக்கத்தைப் படிக்க முடியவில்லை. 292 என்றால் ஹார்டுவேர் தானே கையைத் தூக்கி 'என்னால் திருத்த முடியாத ஹார்டுவேர் பிழை' என்று அறிவித்திருக்கிறது.

அந்த இடத்தில் 0 இருந்தால்? நீலத் திரையைப் பதிவு செய்யக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது. மின்சாரம் நின்றிருக்கலாம். முழுசாக ஹேங் ஆகி நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்திருக்கலாம். அல்லது யாரோ ரீசெட்டைத் தட்டியதுபோல நொடியில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். மூன்றாவது வகைதான் பவர் சப்ளையையோ, மதர்போர்டின் மின் பகுதியையோ, பிராசஸரையோ சந்தேகப்பட வைப்பது.

அதே ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இங்கே வரும் பதிவுகள் ஹார்டுவேரே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். எண் 18 வந்தால் திருத்த முடியாத பிராசஸர் பிழை. அதில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும், பிராசஸரின் எந்தக் கோர் (அதற்குள் தனித்துக் கணக்குப் போடும் அலகு) என்பதை அது காட்டும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் அந்த ஒரு கோர் தள்ளாடுகிறது என்று பொருள். எண் 17 நிறைய வந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் திருத்தப்பட்ட பிழைகள். கிராபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ எஸ்எஸ்டியையோ கழற்றி ஒழுங்காக மாட்டினால் பல நேரம் போய்விடும். கார்டை நீட்டிப்புக் கேபிளில் மாட்டியிருந்தால் முதல் குற்றவாளி அந்தக் கேபிள்தான்.

கிராஷ் ஆன நொடியின் நிலையை விண்டோஸ் எழுதி வைக்கும் மினிடம்ப் கோப்புகள் இருந்தால் வின்டிபக் கருவியில் திறந்து தானியங்கி அலசலை ஓட்டுங்கள். முழுக்கப் புரிய வேண்டியதில்லை. முடிவில் 'மெமரி கரப்ஷன் ஒன் பிட்' என்று வந்தால் அது பெரிய துப்பு. நினைவகத்தில் இருக்கும் நிரல் பக்கத்தை அசல் கோப்போடு ஒப்பிட்டு, சரியாக ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருக்கிறது என்று அது சொல்கிறது. மோசமான டிரைவர் எழுதிக் கெடுத்தால் பல பைட்டுகள் கொத்தாகக் கெடும். ஒற்றை பிட் மாற்றம் அநேகமாக ஹார்டுவேரின் கைவரிசை.

டம்ப்பே எழுதப்படவில்லை என்றாலும் அது ஒரு செய்திதான். நீலத் திரையில் சதவீதம் 0இலேயே நின்றுவிடுகிறதா? அப்போது எழுத வேண்டிய எஸ்எஸ்டியே காணாமல் போயிருக்கலாம். ரீஸ்டார்ட் ஆனதும் பூட் டிஸ்க் இல்லை என்று பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) சொல்லி, மின்சாரத்தை முழுசாக நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் டிஸ்க் திரும்ப வந்துவிடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் உள்ளே ஹேங் ஆகிறது.

இனி ராம். உங்கள் அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். சோதனை மென்பொருளைத் தேடும் முன் பயாஸுக்குள் போய், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருந்தால் அந்த வேகத்தில் ஓடுவது ராமின் பிறப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். டிடிஆர்4க்குப் பொதுத் தரம் வகுத்த வேகம் 3200 வரைதான், வோல்டேஜ் 1.2. எக்ஸ்எம்பி போட்டதும் பெரும்பாலான ராம் ஸ்டிக்குகள் 1.35 வோல்ட்டில், தரத்துக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. அது ஓவர்கிளாக்தான். ஸ்டிக் தாங்கினாலும் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்க வேண்டும், போர்டும் தாங்க வேண்டும். அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை, பாகங்கள் அந்த வேகத்துக்கு ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் குறைந்த வேகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். நான்கு ஸ்லாட்டிலும் டிடிஆர்5 ஸ்டிக் மாட்டியிருப்பவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும். இரண்டு ஸ்டிக்கில் ஓடும் வேகம் நான்கில் ஓடாமல் போவது சாதாரணம்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ், இரண்டில் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸுடன் வரும் மெமரி சோதனை பிழை இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட்டும் ஒரு சுற்று பிழையில்லாமல் முடிந்துவிட்டது என்பதற்காக ராமை விடுதலை செய்துவிடாதீர்கள். சில ஸ்டிக்குகள் சூடேறிய பிறகுதான் தப்புச் செய்யும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் தயவே கிடையாது: ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'மூணே மூணு எரர்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

பிழைத் திரையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எழுதியது என்ன, திரும்பக் கிடைத்தது என்ன என்று இரண்டு மதிப்புகளைக் காட்டும். 00000000 எழுதினால் 00000400 என்று வருகிறது. அடுத்த பிழையிலும் அதே 400, முகவரியும் ஏறக்குறைய அதே பகுதி. இது ஒரு குறிப்பிட்ட சிப்பில் ஒரு பிட் ஒட்டிக்கொண்டுவிட்டதன் கையெழுத்து, அந்த ஸ்டிக் போயிற்று. மாறாக முகவரிகள் எங்கெங்கோ சிதறி, மாறும் பிட்டுகளும் ஒவ்வொரு முறை வேறாக இருந்தால், வேகம், வோல்டேஜ், மெமரி கன்ட்ரோலர் ஆகியவற்றின்மேல் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

பிறகு ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டைத்தான் பெரும்பாலான போர்டுகள் ஒற்றை ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கின்றன. பிழை ஸ்டிக்கோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் பிழை என்றால் மதர்போர்டு அல்லது பிராசஸர். கழற்றும்போது பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பரவலான பழக்கம், பலன் கொடுப்பதும் உண்டு, ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் விழும், முலாமும் தேயும்.

டிடிஆர்5இல் பிழை திருத்தும் வசதி உள்ளேயே இருப்பதால் கவலை இல்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்தத் திருத்தம் சிப்புக்குள் நடப்பது. சிப்பிலிருந்து பிராசஸர் வரை தரவு வரும் வழியில் நடக்கும் பிழையை அது பார்க்காது, திருத்தியதை இயங்குதளத்துக்குச் சொல்வதும் இல்லை. சர்வர்களில் இருக்கும், வழியில் நடக்கும் பிழையையும் திருத்தும் இசிசி ராம் வேறு.

பென் டிரைவ் எதுவும் இல்லாமல் விண்டோஸுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ராமின் அளவைவிடப் பெரிய கோப்பு ஒன்றை எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) திரும்பத் திரும்பக் கணக்கிடுங்கள். கோப்பைத் தொடாதவரை விடை மாறவே கூடாது. ஐந்தாவது முறை வேறு விடை வந்தால் ராம், பிராசஸர், டிஸ்க், கேபிள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்று இது சொல்லாது, ஆனால் டிரைவரை அப்டேட் செய்து பார் என்ற பேச்சுக்கு அதோடு முற்றுப்புள்ளி. கோப்பு பெரிதாக இருக்க வேண்டியதற்குக் காரணம், சின்னக் கோப்பை விண்டோஸ் ராமிலேயே வைத்துக்கொண்டு இரண்டாம் முறை அங்கிருந்தே படித்துவிடும், டிஸ்க் பக்கமே போகாது. லினக்ஸ்காரர்களிடம் இதே வேலைக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: கர்னலைக் கம்பைல் செய்வது, அதாவது மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது. கம்பைலர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், தப்பு கம்பைலரில் இல்லை.

ராம் தேறிவிட்டால் பிராசஸர். பிராசஸர் கெடுவது அரிது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் வந்த பிறகு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் தன்னைத்தானே சேதப்படுத்திக்கொள்ளும் பிரச்சினை அவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், பயாஸ் வழியாகப் போடும் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் வந்தன, வாரன்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தக் கோளாறு எப்படித் தலைகாட்டியது தெரியுமா? விளையாட்டு தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வரும். கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். உண்மையில் சுருக்கி வைத்த தரவை விரிக்கும்போது பிராசஸர் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கும். எத்தனை பேர் நல்ல கிராபிக்ஸ் கார்டைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸை உடனே அப்டேட் செய்யுங்கள். ஆனால் ஏற்கனவே சேதமானதை அப்டேட் சரிசெய்யாது. கிராஷ் தொடர்ந்தால் வாரன்டியில் மாற்றுவதுதான் வழி.

சோதிக்க, பிராசஸரை ஓயாமல் கணக்குப் போட வைக்கும் பிரைம்95 போதும். அதில் சிறிய எஃப்எஃப்டி என்ற சோதனை வகை பிராசஸரை வாட்டும், பெரியது ராமையும் மெமரி கன்ட்ரோலரையும் சேர்த்து இழுக்கும். கணினி விழ வேண்டும் என்றுகூட இல்லை. 'ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழ்' என்று ஒரு ஒர்க்கர் (சோதனையின் ஒரு பங்கைக் கணக்கிடும் பகுதி) நின்றுவிட்டால் கணக்கு தப்பிவிட்டது என்று பொருள். எந்த எண்ணுள்ள ஒர்க்கர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஓட்டியும் அதே எண் நின்றால், வீயா பதிவில் பார்த்த கோரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முழுப் பாரத்தில் மணிக்கணக்காக ஓடும், சும்மா இருக்கும்போது விழும் என்ற வகையும் உண்டு. கேட்க விநோதமாக இருக்கும். சும்மா இருக்கும்போதுதான் பிராசஸர் வோல்டேஜை மிகவும் இறக்குகிறது. அந்த இறக்கத்தில் தடுமாறும் கோர் அப்போதுதான் மாட்டும். வோல்டேஜைக் குறைத்து வைத்தவர்கள், ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் வோல்டேஜை மாற்றும் கர்வ் ஆப்டிமைசரைத் தொட்டவர்கள் எல்லாவற்றையும் இயல்புநிலைக்குத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். முதல் தலைமுறை ரைசனிலும் சும்மா இருக்கையில் உறையும் பிரச்சினை பேசப்பட்டது. பல போர்டுகளின் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு இருப்பது அந்தத் தொல்லைக்காகத்தான்.

சூடு பற்றி ஒரு வரி. தேவைக்கு மேல் பழி சுமப்பது சூடுதான். இன்றைய பிராசஸர்கள் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் நீலத் திரை காட்டாமல் பட்டென்று அணைந்துவிடும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவது நல்ல காரியம், ஆனால் விதவிதமான நீலத் திரைகளுக்கு அது மருந்து இல்லை.

பவர் சப்ளையைச் சோதிப்பதுதான் தலைவலி. 12 வோல்ட் கம்பியில் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4இலிருந்து 12.6 வரை. மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்பாதீர்கள். மதர்போர்டின் சென்சார் 12 வோல்ட்டை 8 என்று காட்டும், கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே 8 என்றால் அது ஆன்கூட ஆகியிருக்காது. மல்டிமீட்டரும் முழு உண்மை சொல்லாது, கிராபிக்ஸ் கார்டு மில்லிசெகண்டுகளில் இழுக்கும் திடீர் மின்சாரம் அதில் தெரியாது. விளையாட்டு பாதியில், டம்ப் எதுவும் இல்லாமல், பக்செக் 0 என்று ரீஸ்டார்ட் ஆனால், வேறொரு நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நேர்வழி. அதற்கு முன் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் இரண்டு இணைப்பும் ஒரே கேபிளில் கிளைத்துப் போகிறதா என்று பாருங்கள், தனித்தனிக் கேபிள் போட்டாலே சில நேரம் தீர்ந்துவிடும். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டரில் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, அது தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே மதிப்பு ஏறிக்கொண்டே போனால் தட்டு கெடுகிறது. 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் மோசம். மாற்றுவதிலேயே மலிவான பாகம் அது. டிஸ்க்கின்மேல் சந்தேகம் வந்த நொடியில், டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். முதலில் தரவை வெளியே எடுங்கள். சாகப் போகும் டிஸ்க்கை முழுக்கத் தேய்த்துப் படித்து, கோப்பு அமைப்பையும் திருத்தி எழுத வைப்பது, மிச்சமிருப்பதையும் சாகடிக்கும் வழி.

எஸ்எஸ்டி என்றால் அதற்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் பாருங்கள். குருஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் கிராஷ் ஆகத் தொடங்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், மறுபடி விழும். ஹார்டுவேர் செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே மணிக்கணக்கை எண்ணும் இடத்தில் இருந்த மென்பொருள் பிழை அது, 2012இல் ஃபர்ம்வேர் அப்டேட்டில் தீர்ந்தது.

கிராபிக்ஸ் கார்டில் ஒன்றே ஒன்று. கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை ரீசெட் செய்யப் பார்க்கும். முடியாவிட்டால்தான் நீலத் திரை. பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு சில நாள் ஓட்டுங்கள், விடை கிடைத்துவிடும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ராமையும் மாற்றி, பயாஸையும் அப்டேட் செய்து, கேபிளையும் பிடுங்கி மாட்டினால் சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது, திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு மாற்றத்துக்குப் பிறகு எவ்வளவு காத்திருப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு, வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு. நாளுக்கு ஒரு முறை விழுந்த கணினி மூன்று நாள் விழாமல் இருந்தால் நம்பலாம். வாரத்துக்கு ஒரு முறை விழுவது நான்கு நாள் ஓடிவிட்டது என்பதில் ஒன்றுமே இல்லை.

இப்போது மதர்போர்டுக்கு வருவோம். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை, நல்ல பவர் சப்ளையும் மாட்டிப் பார்த்தாயிற்று என்றால் அதன் முறை வருகிறது. அப்போதும் மாற்றும் முன் பிராசஸரைக் கழற்றி, சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருப்பதால், ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் ஒரு ராம் ஸ்லாட் முழுக்கச் செத்ததுபோல் தெரியும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கியிருந்தாலும் இதே கதை. பழைய போர்டு என்றால் தலை உப்பிய கபாசிட்டர்களைத் தேடுங்கள். 2000களின் தொடக்கத்தில் தயாரான பல போர்டுகள் மோசமான கபாசிட்டர்களால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவை இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

லேப்டாப்பில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்திருந்தால் இந்தக் கழற்றி மாட்டும் வித்தைகள் செல்லாது. மெம்டெஸ்ட்டில் ஒரு சின்னப் பகுதி மட்டும் கெட்டதாகத் தெரிந்தால், அந்தப் பக்கங்களைத் தொடாதே என்று விண்டோஸின் பூட் அமைப்பிலும் லினக்ஸ் கர்னலிலும் சொல்லி வைக்க முடியும். ஒப்பேற்று வேலைதான், ஆனால் வாரன்டி முடிந்த லேப்டாப்பின் ஆயுளை அது நீட்டிக்கும்.

கடைசியாக, நீங்கள் ஏற்கனவே செய்த ஃபார்மட் பற்றி. கோளாறு ராமில் இருந்தால், புதிய விண்டோஸின் ஒவ்வொரு கோப்பும் அந்தக் கெட்ட ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. சில கோப்புகள் எழுதும்போதே கெட்டிருக்கலாம். ஆகவே கெட்ட பாகத்தை மாற்றிய பிறகும் ஓரிரு முறை கிராஷ் வந்தால் பதறாதீர்கள், புதிய பாகத்தின்மேல் சந்தேகப்படவும் வேண்டாம். சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கருவியை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் இன்னொரு முறை சுத்தமாக ஏற்றிவிடுங்கள், இந்த முறை அது வீண் போகாது. உங்கள் சொந்தக் கோப்புகளைக் காப்பாற்ற எஸ்எஃப்சியால் முடியாது. கிராஷ் தொடங்கியதற்கு முன் எடுத்த பேக்கப் இருந்தால் அதன்மேல் புதிய பேக்கப்பை எழுதிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, கோளாறு இருந்த காலத்தில் நகலெடுத்த, சுருக்கிய, திருத்தி எழுதிய கோப்புகளை மட்டும் திறந்து பாருங்கள். படம் பாதியில் சாம்பல் நிறமாகிறதா, ஜிப் கோப்பு சிஆர்சி பிழை சொல்கிறதா என்று பார்த்து, கெட்டிருப்பதைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.